கட்டியவர் ஜெபசெல்வி

சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு மாடிப்படி ஏறி வந்த பெண், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"செத்துப்போனவ ஒருத்தி பேசறா மேடம். அவளைப் பேச வெச்சது நான்தான்னு ஆபீஸ்ல சொல்றா. சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள நான் இல்லைன்னு ப்ரூவ் பண்ணலேன்னா வேலை போயிடும். வேலைகூட வேற கிடைக்கும். செத்தவா குரலை வெச்சு விளையாடினவள்ங்கற பேரு என்னை விடாது."

பஞ்சு பேனா மூடியைத் திறந்தார். மாட்டுங்காவில் வாழையிலைக் கடைக்கு மேலே இருக்கும் அந்த ஒற்றை அறை ஆபீஸுக்கு இப்படி ஒரு வாக்கியத்தோடு ஆள் வந்து வெகு நாளாகிவிட்டது. போன மாதம் முழுக்க யாரோ ஒரு சேட்டின் தொலைந்த பாஸ்வேர்டைத் தேடியே கழிந்திருந்தது.

முப்பத்துமூன்று வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் பஞ்சு. கடிதம் அடித்துத் தருகிறேன் என்று உமாமகேஸ்வரியிடம் வந்து சேர்ந்தவர், இரண்டே வருஷத்தில் தன்னைப் பாதித் துப்பறிவாளர் என்று நம்ப ஆரம்பித்துவிட்டார். உமாமகேஸ்வரி தாராவியில் பிறந்து வளர்ந்தவர். ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் தணிக்கைப் பிரிவில் இருபது வருஷம் இருந்தவர். கம்ப்யூட்டர் செய்யக் கூடாததைச் செய்தால், அது ஏன் செய்தது, யாரால் செய்தது என்று கண்டுபிடிப்பது இப்போது அவர் தொழில். அவர் குரலை உயர்த்தி பஞ்சு ஒருநாளும் கேட்டதில்லை. அதில் பஞ்சுவுக்குக் கொஞ்சம் குறைதான்.

"உக்காரும்மா. தண்ணி குடி. முதல்ல இருந்து சொல்லு," என்றார் உமா.

பெண்ணின் பெயர் மானசா. செம்பூரில் கேஷவ் என்பவர் நடத்தும் சின்ன மென்பொருள் கம்பெனியில் நான்கு மாதமாக வேலை. கிளினிக்குகளில் டோக்கன் எண்ணை அழைக்கும் ப்ரோகிராமை ஜாவாவில் எழுதி விற்பது அவர்கள் தொழில். அந்த ப்ரோகிராமுக்கு ஒரு காலத்தில் குரல் இருந்தது. அங்கே வேலை பார்த்த ஜெபசெல்வி என்ற தாராவிப் பெண், தன் சொந்தக் குரலில் எண்களைப் பேசிப் பதிவு செய்திருந்தாள். போன ஜூலையில் ஐந்தே நாள் டெங்குக் காய்ச்சலில் அவள் இறந்துபோனாள். அவள் கணவர் முத்துசெல்வம் கேட்டுக்கொண்டதால் குரலை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு கிளினிக்குகளில் மணி மட்டும் அடிக்கும், எண் பலகையில் தெரியும்.

"பத்து மாசமா எங்கயும் அவ பேசலை. இப்போ மாஹிம்ல குழந்தைகள் கிளினிக் ஒண்ணு புதுசாத் திறந்தா. அதுக்கு ப்ரோகிராம் ரெடி பண்ணினது நான். செவ்வாய்க்கிழமை முத்துசெல்வம் சார் தன் தங்கை குழந்தைக்கு ஊசி போட அங்க போயிருக்கார்." மானசா கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். "அவர் டோக்கன் நாப்பத்தொண்ணு. அவதான் கூப்பிட்டிருக்கா."

பஞ்சு எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"குரலை நீ சேத்தியா?" என்று உமா கேட்டார்.

"கசம் சே, சத்தியமா இல்லை மேடம். அவளை நான் பார்த்தது கூட இல்லை. இதோ பாருங்கோ, மாஹிமோட ப்ராஜெக்ட் ஃபைல். அந்த ப்ரோகிராம் எதையெல்லாம் சார்ந்திருக்குன்னு இதுலதான் எழுதணும். மூணே வரி. லைப்ரரின்னா முன்னாடியே எழுதி வெச்ச ப்ரோகிராம் துண்டு. டோக்கன் அழைக்கற லைப்ரரி, டேட்டாபேஸ், தடுப்பூசி அட்டை லைப்ரரி. குரல்னு ஒரு வரி இருக்கா?"

இல்லை. உமா இரண்டு முறை படித்தார்.

"என் லாப்டாப்ல ஓட்டினா மணி மட்டும்தான் அடிக்கறது. அதே ப்ரோகிராம் மாஹிம்ல பேசறது. அப்புறம் இது." மானசா இன்னொரு தாளை நீட்டினாள். முடிந்த ப்ரோகிராம் ஒவ்வொன்றின் உள்ளேயும், துண்டுகளை ஒன்றுசேர்த்து அதைக் கட்டியது யார், எப்போது என்று ஒரு குறிப்பு தானாகவே பதிவாகும். மாஹிம் ப்ரோகிராமைப் பிரித்து அந்தக் குறிப்பை எடுத்திருந்தார்கள்.

கட்டியவர்: ஜெபசெல்வி. தேதி: இந்த வருஷம், மே மாதம் ஆறாம் தேதி.

"அவ பேரை நானே போட்டு விளையாடியிருக்கேன்னு கேஷவ் சார் நினைக்கறார்," என்றாள் மானசா. "முத்துசெல்வம் சார் அஞ்சு மணிக்கு ஆபீஸ் வரார். யாருன்னு சொல்லலேன்னா போலீஸுக்குப் போவேன்னுட்டார்."

பஞ்சு நோட்டில் 'இறந்து பத்து மாதம். மே ஆறாம் தேதி வேலைக்கு வந்திருக்கிறாள்' என்று எழுதினார். எழுதியதைப் படித்தபோது அவருக்கே பிடரி குளிர்ந்தது.

*

மாஹிம் கிளினிக்கின் காத்திருப்பு அறையில் இருபது தாய்மார்கள் இருந்தார்கள். பிள்ளைகள் அதைவிட அதிகம். சத்தத்தில் தன் நெஞ்சு அடிப்பது தனக்கே கேட்காது என்று பஞ்சு தைரியமாக இருந்தார். சுவரில் ஒரு கறுப்பு ஒலிபெருக்கி. கூடத்துக் கடிகாரத்தையும் அவர் கவனித்துக்கொண்டார். பேய்க் கதைகளில் வருவதுபோல் நின்றுபோகாமல் அது சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு ஏமாற்றமாக இருந்தது.

முதலில் கேட்டது மூச்சு. பேசுவதற்கு முன் ஒரு பெண் உள்ளிழுக்கும் சின்ன மூச்சு, காதருகே.

"டோக்கன் பதினெட்டு. அழாம வாங்க மக்கா."

கூடம் ஒரு கணம் அமைதியாகி, மறுபடி இரைந்தது. பஞ்சுவின் கை ரோமம் எழுந்து நின்றது. மெஷின் குரல் என்றால் அவருக்குத் தெரியும், ஸ்டேஷனில் தினம் கேட்கிறார். இது அப்படியில்லை. உதட்டில் சிரிப்போடு பேசிய குரல். திருநெல்வேலிக் குரல், தாராவித் தெருவில் நின்று பிள்ளைகளைக் கூப்பிடும் குரல்.

"பயமா? எங்களுக்கு என்ன பயம்?" என்றாள் கவுன்டரில் இருந்த சைனப். "புள்ளைங்க அந்தக் குரலைக் கேட்டா அழுகைய நிறுத்திடுதுங்க. யாரு வாய்ஸுன்னு அன்னைக்குத்தான் தெரியும். நாப்பத்தொண்ணுன்னு கூப்பிட்டதும் அந்த அண்ணன் எந்திரிச்சாரு. டாக்டர் ரூமுக்குப் போகலை. புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு நேரா அந்த ஸ்பீக்கர் பொட்டிக்கிட்ட போயி நின்னாரு. 'செல்வி, எங்க இருக்க'ன்னு கேட்டாரு. அல்லா, எனக்கு அழுகை வந்திருச்சு."

உமா ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "எப்ப இருந்து பேசுது?" என்று கேட்டார்.

"வச்ச அன்னைக்கே பேசிச்சு. யாரும் ஒண்ணும் அமுக்கலை."

"டோக்கன் மட்டும்தானா?"

"ஊசி அட்டையைக் காட்டினா அடுத்த ஊசி என்னைக்குன்னும் சொல்லும். செம்பூர் கிளினிக்ல என் மச்சி, எங்க அண்ணன் பொண்டாட்டி, வேலை பாக்குது. அங்க அட்டை மெஷின் கிடையாது, வெறும் மணிதானாம்."

அடுத்தது டோக்கன் பத்தொன்பது. அதே மூச்சு, அதே அளவு. உமா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பதிவு பண்ணினது சார். மூச்சுகூட மாறலை," என்றார். அந்த விளக்கம் பஞ்சுவுக்குத் தெம்பு தரவில்லை. பதிவு செய்ததுதான், சரி. அதை இங்கே கொண்டுவந்தது யார்?

*

மாஹிமில் ஹார்பர் லைன் பிடித்து, வடாலாவில் மாறி, செம்பூர் வண்டியில் இடம் கிடைத்ததும் பஞ்சு தன் கட்சியைச் சொன்னார். "எனக்கென்னமோ மேடம், அந்தப் பொண்ணு இன்னும் போகலைன்னு தோண்றது. குழந்தைகள் கிளினிக்னு தெரிஞ்சதும் வந்துட்டா."

"இருக்கலாம். ஆனா வந்த வழின்னு ஒண்ணு இருக்கும்லா? அதைப் பாப்போம்." உமா மானசா தந்த தாளை மடியில் விரித்தார். "உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு மூணு பேரை அழைக்கிய. அதுல ஒருத்தர் தன் மச்சானைக் கூட்டிட்டு வாராரு. மச்சான் தன் கூட்டாளியைக் கூட்டிட்டு வாராரு. நீங்க எழுதினது மூணு பேரு, பந்தியில ஆறு பேரு. சரியா?"

"அனுபவிச்சிருக்கேன்."

"ஜாவா ப்ராஜெக்ட்டும் அப்படித்தான். நீங்க மூணு லைப்ரரி கேட்டா, அந்த மூணும் எதையெல்லாம் சார்ந்திருக்கோ அதையும் மேவன்ங்கற கருவி தானாக் கூட்டியாந்திரும். இதுக்கு ஒரு தடுப்பு உண்டு. ஒரு லைப்ரரி தன் ஃபைல்ல, 'இவர் என் ஆளுதான், ஆனா என்னைக் கூப்பிட்டவங்க வீட்டுக்கு நான் இவரைக் கூட்டிட்டு வர மாட்டேன், வேணும்னா நீங்களே தனியா அழைச்சுக்கிடுங்க'ன்னு எழுதலாம். அதுக்குப் பேரு ஆப்ஷனல். குரலை எடுக்கணும்னதும் டோக்கன் லைப்ரரியில இவங்க அதைத்தான் செஞ்சிருக்காங்க."

"அப்போ குரல் அழிஞ்சுபோகலை?"

"அழிக்கலை. வாசல்ல நிறுத்தி வச்சிருக்காங்க. டோக்கன் லைப்ரரி தினமும் எந்திரிச்சதும் ஒரு தடவை சுத்திப் பாக்கும். குரல் பக்கத்துல இருந்தா பேசும், இல்லைன்னா மணி அடிக்கும். குரலை யாரு கூட்டிட்டு வந்தாங்கன்னு அது கேக்காது."

பஞ்சு தாளை எட்டிப் பார்த்தார். டேட்டாபேஸ் குரலைக் கூட்டிவராது என்று அவருக்கே புரிந்தது. "அப்போ மூணாவது ஆள்தான். தடுப்பூசி அட்டை. தேதி பேசறதே, அதுக்குக் குரல் வேணுமே," என்றார். தன் மூளை தனக்கே பிடித்திருந்தது.

"நானும் அதான் நினைக்கேன். ஆனா அதுலயும் ஒரு இடைஞ்சல் இருக்கு. அதே அட்டை மானசா லாப்டாப்ல பேசலையே."

*

செம்பூர் ஆபீஸ் முதல் மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் பஞ்சுவின் கண் மூலைக்குப் போயிற்று. அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர். திரைக்கு மேலே ஜெபசெல்வியின் புகைப்படம், அதில் ஒரு முழம் மல்லிகை. நாற்காலி மேஜைக்குள் தள்ளியிருந்தது. யாரும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்காரவில்லை. திரை அணைந்திருந்தாலும் பெட்டிக்குள் விசிறி ஓடும் ஓசை கேட்டது.

"அது அவளோட மெஷின்," என்றார் கேஷவ். ஐம்பது வயது, தூங்காத முகம். "அணைக்கறதில்லை. எங்க கிளினிக் ப்ரோகிராம் எல்லாம் அதுலதான் கட்டறோம். ஆரம்பத்துலேர்ந்து எல்லாம் அதுல செட் ஆகியிருக்கு. அவரவர் சீட்லேர்ந்தே ஒரு கட்டளை கொடுத்தா அது கட்டித் தந்துடும். எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மாட் பண்ணணும்னு நினைப்பேன், மனசு வரலை."

உமா முதலில் கேட்டது, செம்பூர் கிளினிக்குக்குப் போன மாதம் அனுப்பிய ப்ரோகிராமை. பிரித்து அதன் உள்குறிப்பைக் காட்டச் சொன்னார். அதற்கு முந்தைய மாதம் சீத்தா கேம்ப் கிளினிக்குக்குப் போனதையும் கேட்டார். இரண்டும் திரையில் வந்தன.

கட்டியவர்: ஜெபசெல்வி. கட்டியவர்: ஜெபசெல்வி.

கேஷவ் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த மெஷின்ல இப்பவும் அவங்க பேருலதான் லாகின் இருக்கு," என்றார் உமா. "யாரு கட்டளை கொடுத்தாலும் அது அவங்க பேரைத்தான் போடும். மானசா போடலை. பத்து மாசமா உங்க கம்பெனியில இருந்து வெளிய போன எல்லாத்தையும் அவங்கதான் கட்டியிருக்காங்க. நீங்க யாரும் பிரிச்சுப் பாக்கலை, அவ்வளவுதான்."

பஞ்சு மூலைப் பெட்டியின் விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். விளக்கம் கிடைத்த பிறகும் சில விஷயங்கள் குளிரத்தான் செய்கின்றன.

"பேரு சரி. குரல்?" என்று கேட்டது ரஞ்சனா. கம்பெனியின் மூத்த எஞ்சினியர், கோபர்கைரனேயிலிருந்து வருபவள், ஜெபசெல்வியோடு ஏழு வருஷம் பக்கத்து நாற்காலியில் இருந்தவள். மானசாவைப் பார்க்காமலே பேசினாள். "நானும் செக் பண்ணிட்டேன் மேடம். டோக்கன் லைப்ரரியில குரல் ஆப்ஷனல். அட்டை லைப்ரரியிலயும் ஆப்ஷனல். ரெண்டு வழியும் அடைச்சிருக்கு. அப்போ கையால யாரோ சேர்த்திருக்கணும். மாஹிமைத் தொட்டது இவ ஒருத்திதான்."

"அட்டை லைப்ரரியை எழுதினது யாரு?"

"ஜெபாதான், முழுக்க. அவ பேருல தனியா இருக்கறது அது ஒண்ணுதான். மூணு வருஷத்துக்கு முந்தி ஒரு ஆஸ்பத்திரிக்குப் பண்ணினா, அவங்க வாங்கலை. சும்மாவே கிடந்தது. இப்ப மாஹிமுக்குத்தான் முதல் தடவை எடுத்தோம்."

"அவங்க போன பிறகு அதை யாராச்சும் தொட்டீங்களா?"

"இல்லை. பாருங்க, வெர்ஷன் இன்னும் ஒன்று பாயிண்ட் பூஜ்யம். ஆக்கியவர்ங்கற இடத்துல அவ பேருதான்."

கேஷவ் தலையசைத்தார். "எங்க வழக்கம் அது. யார் புது வெர்ஷன் வெளியிடறாளோ அவா பேரைத்தான் ஆக்கியவர்னு போடணும், மாத்தினதுக்குக் காரணமும் எழுதணும். டோக்கன் லைப்ரரியில குரலை ஆப்ஷனல் ஆக்கினது நான். அதுல இப்போ என் பேர் இருக்கு."

"குரலை எப்ப எடுத்தீங்க?"

"அவ போன அடுத்த வாரமே. அதுக்கப்புறம் கம்பெனியில ஒரு மாசம் ஒண்ணும் ஓடலை. ஆகஸ்ட் பதிமூணு, நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு ஆபீஸைப் பூட்டிட்டு எல்லாரும் தாராவிக்குப் போனோம். நான் காலம்பறவே போயிட்டேன். ரஞ்சனா மட்டும் ஹார்பர்ல வண்டி நின்னுபோய் எல்லாம் முடிஞ்சப்பறம் வந்து சேர்ந்தா."

உமா மானசாவின் லாப்டாப்பை வாங்கினார். "இது எப்பத்ததும்மா?"

"நான் சேர்ந்தப்போ புதுசா வாங்கிக் கொடுத்தது மேடம். நாலு மாசம்."

லாப்டாப்பில் மாஹிம் ப்ராஜெக்டுக்கு யார் யாரைக் கூட்டி வந்தார்கள் என்ற பட்டியலை எடுத்தார். குரல் இல்லை. ரஞ்சனாவின் லாப்டாப்பிலும் எடுத்தார். இல்லை. லைப்ரரிகளையெல்லாம் வைத்திருக்கும் கம்பெனியின் பொதுக் கிடங்கையும் பார்த்து, ஒரு தேதியைக் குறித்துக்கொண்டார். கிடங்குக்கு எல்லாரிடமும் ஒரே சாவிதான், யார் எதை வைத்தார்கள் என்று அதில் தெரியாது. கடைசியாக மூலைக்குப் போய், நாற்காலியை மெதுவாக இழுத்து உட்கார்ந்தார். பத்து மாதமாக யாரும் உட்காராத நாற்காலி. ரஞ்சனா எழுந்து நின்றுவிட்டாள்.

"இதுல யாராச்சும் இந்தப் பட்டியலை எடுத்தீங்களா?"

மூவரும் இல்லையென்று தலையசைத்தார்கள். உமா எடுத்தார், பிரின்ட் போட்டார், மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பஞ்சு எட்டிப் பார்க்கும் முன்பே மடித்துவிட்டார்.

*

முத்துசெல்வம் ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் முன்பே வந்துவிட்டார். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். விரல்களில் பசைக் கறை. மூலையில் இருந்த படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அதற்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யாருன்னு சொல்லுங்க. நான் அடிக்க வரலை. எதுக்குச் செஞ்சாவன்னு கேக்கணும். பத்து மாசத்துல இப்பத்தான் ராத்திரி தூங்குதேன். தூங்கவிடாம ஆக்கிட்டாவளே." அவர் பார்வை மானசா மேல் நின்றது. "இந்தப் புள்ளையாமே."

மானசா தலை குனியவில்லை.

"இவ இல்லை அண்ணாச்சி," என்றார் உமா. "யாரும் உங்களை வருத்தணும்னு செய்யலை. ஆனா ஒருத்தர் ஒரு காரியத்தை மறைச்சிருக்காங்க. அதைச் சொல்லுதேன், முழுசாக் கேளுங்க."

அவர் இரண்டு தாள்களை மேஜையில் வைத்தார்.

"இது மானசா லாப்டாப்ல எடுத்தது. தடுப்பூசி அட்டை, வெர்ஷன் ஒன்று பாயிண்ட் பூஜ்யம். அது குரலைக் கூட்டிட்டு வரலை. இது மூலை மெஷின்ல எடுத்தது. அதே தடுப்பூசி அட்டை, அதே ஒன்று பாயிண்ட் பூஜ்யம். அது குரலைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வருது. ஒரே பேரு, ஒரே நம்பர், ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லை."

கேஷவ் தாள்களை மாறி மாறிப் பார்த்தார்.

"வெளியிட்ட வெர்ஷனை ஒரு மெஷின் ஒரு தடவை கிடங்குல இருந்து எடுத்திட்டா, பத்திரமா வச்சுக்கிடும். அந்த நம்பர் மாறாத வரைக்கும் மறுபடி போய்க் கேக்காது. கேக்க வேண்டிய அவசியமும் இல்லை, நம்பர் மாறலைன்னா பொருள் மாறலைன்னு அர்த்தம். ஜெபசெல்வி மூணு வருஷத்துக்கு முந்தி எழுதின அட்டை அந்த மூலையில அப்படியே இருக்கு. மானசா லாப்டாப் புதுசு. அதுக்குக் கிடைச்சது கிடங்குல இப்ப இருக்கறது. அப்படின்னா நடுவுல யாரோ நம்பரை மாத்தாம, உள்ள இருந்ததை மட்டும் மாத்தி வச்சிருக்காங்க."

"ஜெபாவே மாத்தியிருக்கலாமே?" என்றார் கேஷவ்.

"அவங்க எதுக்கு மாத்தணும்? பேசறதுக்குன்னே செஞ்ச அட்டை அது. அதுல குரலை வாசல்ல நிறுத்த அவங்களுக்குக் காரணமே இல்லை. அந்தக் காரணம் அவங்க போன பிறகுதான் வந்தது. கிடங்குல இருக்கற அட்டையோட தேதி ஆகஸ்ட் பதிமூணு, காலை பத்தரை. ஆபீஸ் பூட்டியிருந்த நாள். கேஷவ் சார் தாராவியில இருந்தாரு. மானசா அப்ப சேரவே இல்லை." உமா நிறுத்தினார். "ஒருத்தருக்கு மட்டும் வண்டி நின்னுபோச்சு."

ரஞ்சனா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வண்டி நிக்கலை. நான் இங்கதான் இருந்தேன். கேஷவ் சார் டோக்கன்ல எடுத்துட்டார், ஆனா அட்டையும் அவ குரலைத்தான் கூட்டிட்டு வரும்னு அன்னைக்குக் காலையில ஞாபகம் வந்தது. என்னைக்காவது யாராவது எடுத்துப் போட்டா அண்ணன் காதுல விழுமேன்னு பயந்தேன். ஜெபத்துக்கு முன்னாடி முடிச்சிடணும்னு வந்தேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புது நம்பர் கொடுத்தா ஆக்கியவர்ல என் பேரைப் போடணும். அவ பேரு போயிடும். அவ தனியா எழுதினது அது ஒண்ணுதான் மேடம். ரெண்டு தடவை டைப் பண்ணி ரெண்டு தடவை அழிச்சேன். அப்புறம் பழைய நம்பர்லயே வெச்சுட்டு தாராவிக்கு ஓடினேன்."

"மூலை மெஷின்ல பழசு இருக்கும்னு தோணலையா?"

"அந்தப் பக்கமே போக மாட்டேன். நான் சரி பண்ணிட்டேன், அப்போ அட்டையா இருக்காதுன்னு நிஜமாவே நம்பினேன். இவதான் கையால சேர்த்திருக்கான்னும் நம்பினேன். நீங்க கேட்டப்போ தொடலைன்னு பொய் சொன்னேன். அது மட்டும் தெரிஞ்சே செஞ்சது." ரஞ்சனா முதல் தடவையாக மானசாவை நேராகப் பார்த்தாள். "உன் பேரைக் கெடுக்கப் பார்த்தேன். மன்னிச்சுக்கோம்மா."

அத்தனை நேரம் வராத அழுகை மானசாவுக்கு இப்போதுதான் வந்தது. பஞ்சு தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். பிறகு அதைத் தனக்கே வைத்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றிற்று.

"அப்ப யாரும் கூப்பிடலை," என்றார் முத்துசெல்வம். "அவளா வந்திருக்கா."

"அவங்க எழுதினதோட சேர்ந்து வந்திருக்காங்க," என்றார் உமா.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உமா சொல்லச் சொல்ல மானசா தட்டினாள். அட்டை லைப்ரரிக்கு ஒன்று பாயிண்ட் ஒன்று என்று புது நம்பர். ஆக்கியவர் இடத்தில் ஜெபசெல்வி என்ற பெயர் இருக்க, கீழே புதிதாக ஒரு வரி சேர்ந்தது: திருத்தியவர் ரஞ்சனா. அந்த வரிக்கு வழக்கத்தில் இடமில்லை. இனிமேல் உண்டு என்று கேஷவ் சொல்லிவிட்டார். காரணம் என்ற இடத்தில் மானசாவின் விரல் நின்றது. முத்துசெல்வம்தான் சொன்னார். "அவ வீட்டுக்காரன் கேட்டான்னு போடும்மா. அதுதானே உண்மை."

மாஹிம் ப்ரோகிராமை மூலை மெஷினில் கட்டாமல் மானசா தன் லாப்டாப்பிலேயே கட்டினாள். உள்குறிப்பைத் திறந்து பார்த்தபோது அதில் 'கட்டியவர்: மானசா' என்று இருந்தது. அவள் அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ப்ரோகிராமைக் கிளினிக்குக்கு அனுப்பினாள். ஆறு மணிக்கு மாஹிமிலிருந்து சைனப் போன் செய்தாள். மணி அடிக்கிறது, பிள்ளைகள் அழுகின்றன என்றாள்.

"குரல் பதிவை அண்ணாச்சிகிட்டயே கொடுத்திருங்க," என்று உமா கேஷவிடம் சொன்னார். "வேணும்னா அவரே கேட்டுக்கிடட்டும். கேக்காத நேரத்துல யாரும் கொண்டாந்து விட வேண்டாம்."

மூலை மெஷினில் பழைய அட்டையை அழிப்பது மட்டும் பாக்கி. முத்துசெல்வம் எழுந்து அங்கே போனார். மல்லிகையைச் சரி செய்தார்.

"அழிக்க முன்னாடி ஒரு தடவை," என்றார். "அன்னைக்கு அவ கூப்பிட்டப்ப நான் போகலை. பொட்டியைப் பாத்து கேள்வி கேட்டுட்டு நின்னுட்டேன்." அவர் மானசா பக்கம் திரும்பினார். "நீயே போடும்மா. நாப்பத்தொண்ணு."

மானசா நாற்காலியை இழுத்து உட்கார்ந்து எண்ணைத் தட்டினாள். பெட்டிக்குள் விசிறி ஓடியது. பிறகு மூச்சு, காதருகே.

"டோக்கன் நாப்பத்தொண்ணு. அழாம வாங்க மக்கா."

ரஞ்சனா முகத்தை மூடிக்கொண்டாள். முத்துசெல்வம் அழவில்லை. படத்தைப் பார்த்து, பட்டறைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

"சரி செல்வி. வாரேன்."

பிறகு மானசாவிடம் தலையசைத்தார். அவள் அழித்தாள்.